தென்காசிக்கு மரம் அனுப்பிய பெண்

வெள்ளிக்கிழமை காலை

கடையநல்லூரைத் தாண்டியதும் சாரல் ரயிலுக்குள் வந்துவிட்டது. எதிர் இருக்கைப் பெரியவர் ஜன்னலை இறக்கக் கையைக் கொண்டுபோனவர், நான் முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். மெட்ராஸா என்று கேட்டார். ஆமாம் என்றதும், அப்படியானால் நனையலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டுத் தன் பையை மட்டும் மேலே தூக்கி வைத்தார். ஆடிக்கு முந்தைய தென்காசியில் மழை வேறு, சாரல் வேறு. மழைக்கு ஒதுங்குவார்கள். சாரலில் நின்று ஊர்க்கதை பேசுவார்கள்.

நான் குளிக்க வரவில்லை. கல்லூரித் தோழி எஸ்தர் கூப்பிட்டதால் வந்தேன். பாளையங்கோட்டை விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். அவள் இப்போது தென்காசி செங்கோட்டை சாலையில் மரம் அறுக்கும் மில் ஒன்றை நடத்துகிறாள். அப்பா தொடங்கிய மில். அண்ணன்கள் கோயம்புத்தூருக்கும் கனடாவுக்கும் போய்விட, இவள் கைக்கு வந்தது. நான் சென்னையில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ஒப்பந்தங்கள், இயந்திரக் கையேடுகள், வழக்குக் காகிதங்கள் என்று எது வந்தாலும் தமிழாக்குவேன், ஆங்கிலமாக்குவேன்.

போனில் எஸ்தர் சொன்னது இவ்வளவுதான்: "ஏட்டி மாலதி, ஆப்பிரிக்காவிலருந்து நமக்குத் தடி அனுப்புற அம்மா நேர்ல வருதாங்க. மில்லையே அங்க தூக்கிட்டு வான்னு கேக்காங்க. எனக்கு இங்கிலீஷ்ல வாசிக்கத் தெரியும், சண்டை போடத் தெரியாது. நீ வந்து எனக்காகப் போடு."

தடி என்று இங்கே சொல்வது அறுக்காத முழு மரக்கட்டையை. அறுத்துப் பலகையாக, சட்டமாக வந்துவிட்டால் அது சைஸ் மரம். தென்காசியில் இரண்டு நாள் இருந்தால் இந்த இரண்டு சொற்களும் நாக்கில் ஒட்டிக்கொள்ளும்.

ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். செங்கோட்டை எட்டு கிலோமீட்டர். மில் அதற்குப் பாதி வழியில். எந்த மில் என்று ஓட்டுநர் கேட்டார். சொன்னதும், எஸ்தரம்மா மில்லில் இன்னும் சத்தம் கேட்கிறது, பக்கத்து மில் இரண்டும் சும்மா கிடக்கின்றன என்றார். தடி வரவில்லையாம். இதைச் சொல்லும்போது அவர் குரலில் பெரிய கவலை தெரியவில்லை. அருவியில் தண்ணீர் விழும் வரை அவருக்குச் சவாரி உண்டு.

சாலையின் இடப்பக்கம் முழுக்க மலை. உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. இவ்வளவு மரம் கண்ணெதிரே நிற்க, அடிவாரத்து மில்களில் அறுபடுவது கடல் கடந்து வந்த மரம். நம் மலைக்காட்டை வெட்டக்கூடாது என்று நம் அரசு சட்டம் போட்டது. வீடு கட்டுவதையோ கதவு வைப்பதையோ யாரும் நிறுத்தவில்லை. அதனால் வேறு நாட்டுக் காடுகள் தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கி, நூறு கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வந்து இங்கே பலகையாகிக் கொல்லத்துக்கும் கோட்டயத்துக்கும் வீட்டு வாசற்காலாகப் போய்க்கொண்டிருந்தன. எஸ்தரின் அப்பா காலத்தில் இது ஒரு புதுமை. எஸ்தர் காலத்தில் இதுதான் தொழில்.

மில்லில்

தடி அனுப்பும் அந்த அம்மா, பேஷன்ஸ், முந்தைய நாளே வந்துவிட்டிருந்தார். திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி, ஆரியங்காவு மலைப்பாதை வழியாகக் காரில் வந்தவர். ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம். மஞ்சளும் நீலமுமாய்ப் பூப்போட்ட அங்கியும் அதே துணியில் தலைக்கட்டும். மேற்கு ஆப்பிரிக்கக் கடலோர நாடு ஒன்றைச் சேர்ந்தவர். நாட்டின் பெயரை எழுதவேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். அங்கே அவருடைய உரிம விண்ணப்பம் ஒன்று அரசு அலுவலகத்தில் நிலுவையில் இருக்கிறது. அலுவலகங்கள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் என்றார்.

நான் போனபோது அவர் தடிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். ஒரு தேக்குத் தடியின் வெட்டுமுகத்தில் பச்சை வண்ணத்தில் அடித்திருந்த அடையாளத்தைப் பார்த்ததும் நின்று, உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். அது அவர் கம்பெனியின் அடையாளம். பல வருடமாக அனுப்பியிருக்கிறார். எங்கே போகிறது என்று காகிதத்தில் மட்டும் பார்த்திருக்கிறார். "இது நின்ற இடம் எனக்குத் தெரியும். இது வந்து சேர்ந்த இடத்தை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார். என் மொழிபெயர்ப்பு வேலை இந்த வாக்கியத்தில் தொடங்கியது.

தலைமை அறுவைக்காரர் சங்கரபாண்டி. எல்லாருக்கும் அண்ணாச்சி. அறுபதை நெருங்குகிறவர். இளவயதில் சவுதியில் தச்சு வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். பேஷன்ஸ் என்ற பெயர் அவர் வாயில் பேஷண்ட் ஆகிவிட்டது. "பேஷண்ட் அம்மா வந்திருக்காவ, ரெண்டு டீ கொண்டாங்கலே" என்று அவர் குரல் கொடுக்க, எஸ்தர் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். விருந்தாளிக்கு என்ன விஷயம் என்று நான் விளக்கவேண்டியதாயிற்று. அவர் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். வங்கி மேலாளரைப் பார்க்கும் நாட்களில் தான் பேஷண்ட்தான் என்றார். அன்றிலிருந்து அந்த மில்லில் அவர் பேஷண்ட் அம்மாதான்.

அறைக்குள் உட்கார்ந்து பேசத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. அவர் நாட்டில் புதுச்சட்டம். முழுத் தடியாக இனி ஒரு கட்டைகூடக் கப்பல் ஏறக்கூடாது. உள்ளூரில் அறுத்து, பலகையாகத்தான் அனுப்பவேண்டும். வேலை தங்கள் மக்களுக்குக் கிடைக்கவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நம் அரசின் கணக்கும் அதேதான். தடியாக இறக்கினால் சுங்க வரி குறைவு. அறுத்த பலகை என்றால் கூடுதல். அறுக்கும் வேலை இங்கே நடக்கவேண்டும் என்பதற்காக. இரண்டு அரசுகளும் நல்லதைத்தான் நினைக்கின்றன. இரண்டு நல்லதும் எஸ்தரின் மில் வாசலில் வந்து முட்டிக்கொண்டு நிற்கின்றன.

உலகம் சுருங்கிவிட்டது, எல்லைகளுக்கு இனி மதிப்பில்லை என்று எத்தனையோ கட்டுரைகளை நான் மொழிபெயர்த்திருக்கிறேன். எல்லை அப்படியொன்றும் அழிந்துவிடவில்லை என்பது இந்த அறையில் தெரிந்தது. கடலுக்கு அப்பால் ஒருவர் கையெழுத்துப் போட்டதும் இங்கே மரம் அறுக்கும் இயந்திர வாள் நின்றுபோகிறது.

பேஷன்ஸ் கேட்டது இது. அவருக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது; மின்சாரமும் வந்துவிட்டது. எஸ்தர் தன் இயந்திரங்களையும் அறுக்கத் தெரிந்த ஆட்களையும் கொண்டுவந்து அங்கே மில் போடவேண்டும். பங்கு சரிபாதி. அங்குள்ளவர்களுக்கு வேலை பழக்கித் தரவேண்டும்.

எஸ்தர் ஆங்கிலத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்துத் தமிழில் பேசினாள். அவங்க அரசாங்கம் செய்தது தப்பில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன், ஆனால் என் ஆட்கள் இருபது பேரும் என்ன செய்வார்கள் என்று கேள் என்றாள். நான் கேட்டேன். பேஷன்ஸ் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தபடி பதில் சொன்னார். தன் ஊரில் தடிகள் லாரி லாரியாகப் போவதைப் பார்த்துக்கொண்டு வேலையில்லாமல் நின்றவர்கள் இருபது பேருக்கு மேல் என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். சண்டை போட வந்த நான் அதை அப்படியே தமிழாக்கி எஸ்தரிடம் கொடுத்தேன்.

சனிக்கிழமை, குற்றாலம்

விருந்தாளியை அருவிக்குக் கூட்டிப்போகாமல் தென்காசியில் யாரும் எந்தப் பேச்சையும் முடிப்பதில்லை. காலையிலேயே புறப்பட்டோம். ஆறு கிலோமீட்டர். பேரருவியில் நல்ல கூட்டம். எண்ணெய் வாசனையும் ஈரத் துணி வாசனையும் வடை வாசனையும் கலந்து காற்றில் நின்றன. பெண்கள் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் தோளை ஒருவர் பற்றி உள்ளே நகர்ந்தோம். பேஷன்ஸுக்கு நான் வழி சொல்லத் தேவையே இருக்கவில்லை. மஞ்சள் புடவை கட்டிய ஒரு அம்மா அவர் கையைப் பிடித்து, "இங்கன நில்லும்மா, தலையைக் குனி, மூச்சை வாயால விடு" என்று தமிழிலேயே சொல்லி, அருவிக்கு நேர்கீழே நிறுத்திவிட்டார். எந்த நாடு என்று கேட்கவில்லை. தண்ணீர் முதுகில் விழும் சத்தத்தில் எதையும் கேட்கவும் முடியாது.

பத்து நிமிடத்தில் காவலர் விசில் ஊதினார். மலையில் மழை கூடிவிட்டது, எல்லாரும் வெளியே வரவேண்டும். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே இறங்கியது. பேஷன்ஸ் கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, தன் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல அடி வாங்கியதில்லை என்றார். சொல்லிவிட்டு, அந்த விசில்காரர் மட்டும் எந்த நாட்டிலும் மாறுவதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

கடைவீதியில் மங்குஸ்தான் கிலோ முந்நூறு, ரம்புட்டான் இருநூறு. மலைத்தோட்டத்துப் பழமா என்று எஸ்தர் கேட்டாள். பாதி மலை, பாதி தாய்லாந்து என்று கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார். பக்கத்தில் ஈரான் ஆப்பிள். பேஷன்ஸ் முந்திரிப் பருப்புக் கடை முன்னால் நின்றார். கொல்லத்திலிருந்து வந்த பருப்பு என்றார் கடைக்காரர். பேஷன்ஸ் ஒன்றை வாயில் போட்டு மென்றுவிட்டு, கொல்லத்து ஆலைகளுக்குக் கொட்டையோடு முந்திரி போவது எங்கள் பக்கத்திலிருந்துதான், இது என் அண்டை வீட்டுக்காரர் மரத்துக் காயாகவும் இருக்கலாம் என்றார். கடைக்காரருக்கு அதைச் சொன்னேன். அவர் பேஷன்ஸை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். அரைக்கிலோவுக்குக் காசு வாங்கிக்கொண்டு, மேலே ஒரு கை அள்ளிப் போட்டார். சொந்த ஊர்க்காரர்களுக்குப் போடுகிற மாதிரி.

மதியம், புளியறை

மதியச் சாப்பாட்டுக்குப் புளியறை போனோம். தென்காசியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர். கேரள எல்லைக்கு முன்னால் தமிழ்நாட்டின் கடைசி ஊர்களில் ஒன்று. வைக்கோல், கோழி, மணல், காய்கறி என்று வரிசையாக லாரிகள். சரக்கு வரி எல்லா மாநிலத்துக்கும் ஒன்றாகிவிட்ட பிறகு இந்தச் சோதனைச்சாவடியில் பழைய கூட்டம் இல்லை என்றார்கள். ஆனாலும் லாரிகள் பழக்கத்தில் இங்கேதான் நிற்கின்றன. புரோட்டா பதினைந்து ரூபாய், நாட்டுக்கோழி வறுவல் நூற்று எண்பது. பரிமாறியவர் "சேச்சி, ஒண்ணுகூட வைக்கட்டா" என்று இரண்டு மொழியில் ஒரே வாக்கியம் பேசினார்.

அங்கே வைத்துத்தான் எஸ்தர் தன் தாத்தா கதையைச் சொன்னாள். செங்கோட்டைக்காரர் அவர். பிறந்தது திருவிதாங்கூர் மகாராஜாவின் குடிமகனாக. மாநிலங்களைப் பிரித்தபோது செங்கோட்டை தமிழ்நாட்டுக்கு வந்தது. வீடு மாறவில்லை, கிணறு மாறவில்லை, அவர் மட்டும் வேறு ஆட்சிக்குள் போய்விட்டார். அதுபற்றிக் கேட்டால், வரி கட்டுகிற அலுவலகம்தான் வேறு திசைக்குப் போச்சு என்பாராம். பேஷன்ஸ் இதை ரசித்துக் கேட்டார். அவர் அம்மா ஊரின் குறுக்கே இரண்டு நாட்டின் எல்லை போகிறது. சித்தியின் கிழங்குத் தோட்டம் அந்தப் பக்கம். ஒரு பக்கம் ஆங்கிலம், ஒரு பக்கம் பிரெஞ்சு. சித்தி இரண்டும் தெரியாமல் தினமும் போய் வருகிறாராம்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது எஸ்தர் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். இவங்களை எனக்குப் பிடிச்சிருக்கு, அதுதான் பயமா இருக்கு என்றாள்.

மாலை மில்லுக்குத் திரும்பி, சங்கரபாண்டி அண்ணாச்சியைக் கூப்பிட்டுப் பேசினோம். எஸ்தரின் கணக்கில், எந்த முடிவுக்கும் அவர் வேண்டும். புது இடத்தில் வாளை நிறுத்தி ஓட்டி, மற்றவர்களைப் பழக்குகிற நிதானம் அவரிடம்தான் உண்டு. போவாரா என்று கேட்டோம். அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சவுதியிலிருந்து வந்த அன்றைக்கே இனிமேல் கடல் தாண்டமாட்டேன் என்று பண்பொழி மலை முருகனிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தவர் அவர். கடைசியில், "வீட்ல விடமாட்டாம்மா" என்றார். அது மறுப்பு என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். பேஷன்ஸும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு, தலையை மட்டும் அசைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை

எஸ்தர் ஆராதனைக்குப் போய் வந்தாள். பேஷன்ஸும் கூடப் போய், பாட்டு மெட்டு தெரிந்த இடங்களில் எல்லாம் தன் மொழியில் பாடிவிட்டு வந்தார். மாலை ரயிலுக்கு எனக்குச் சீட்டு. பேஷன்ஸ் மறுநாள் திரும்புகிறார். மில் விடுமுறை. வெயிலும் சாரலும் மாறி மாறி வந்துகொண்டிருந்த நேரத்தில், மில் கதவைத் திறந்துகொண்டு சங்கரபாண்டியும் அவர் மனைவியும் வந்தார்கள்.

பேச்சியம்மாள் வல்லத்தில் பீடி சுற்றுகிறவர். மூத்த மகன் மதுரையில் போலீஸ், இளையவன் சென்னையில், மகளைச் சுரண்டையில் கட்டிக்கொடுத்தாயிற்று. ஒல்லியான உடம்பு. புதுப்புடவை கட்டி, வாழை இலையில் சுற்றிய பூவோடு வந்திருந்தார். பூவை விருந்தாளி கையில் கொடுத்தார். தலைக்கட்டில் பூ வைக்க இடம் இல்லாததால் பேஷன்ஸ் அதை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னபோது பேச்சியம்மாள் உட்காரவில்லை. அடுக்கிவைத்த பலகையின்மேல் ஒரு கையை ஊன்றி நின்றபடி என்னிடம் பேசினார்.

"யக்கா, நான் சொல்லுதத அப்படியே அவங்ககிட்ட சொல்லணும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

சரி என்றேன்.

"இவிய சவுதிக்குப் போகும்போது மூத்தவன் இடுப்புல இருந்தான். திரும்பி வந்தப்ப அவன் மீசையோட நிக்கான். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வந்தாவ, விருந்தாளி மாதிரி இருந்தாவ, போனாவ. நான் தனியாத்தான் கெடந்தேன்."

சங்கரபாண்டி குனிந்து தரையில் கிடந்த மரத்தூளைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் குரலை உயர்த்தவில்லை.

"அங்கனருந்து தடி இங்க வருது. இங்கனருந்து வாளு அங்க போவுது. வாளு கூட இவியளும் போவணும்னு சொல்லுதீய. நான் எதுக்கு இங்க கெடக்கணும்? இவிய போறதா இருந்தா நானும் வாரேன். என்னை விட்டுட்டுன்னா இவிய வரமாட்டாவ. அவ்வளவுதான்."

மனைவி விடமாட்டாள் என்று முந்தைய நாள் சொன்னவர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். வீட்டில் இதை அவர் கேட்டிருக்கவில்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. அன்றைக்கு 'கெடந்தேன்' என்ற ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். இருந்தேன் என்றால் அதில் வலி இல்லை. வாழ்ந்தேன் என்றால் பொய். வைத்த இடத்தில் ஒரு பொருள் எடுக்கப்படாமல் கிடக்குமே, அப்படி என்று ஆங்கிலத்தில் நீட்டிச் சொன்னேன். பேஷன்ஸ் கையை உயர்த்தி, புரிந்தது என்றார்.

பிறகு அவர் தன் கதையைச் சொன்னார். யாரும் கேட்காமலே. அவர் கணவர் இத்தாலிக்குத் தக்காளித் தோட்ட வேலைக்குப் போனவர். முதலில் மாதாமாதம் பேச்சு, பிறகு பண்டிகைக்குப் பேச்சு, பிறகு இல்லை. அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருப்பதை ஊர்க்காரர் ஒருவர் வந்து சொன்னார். பேஷன்ஸ் மர வியாபாரத்தில் இறங்கியது அதற்குப் பிறகுதான். தங்கள் சந்தையில் உள்ளூர்த் தக்காளியைவிட மலிவாக விற்பது இத்தாலி டப்பாத் தக்காளி. "சந்தைக்குப் போகும்போதெல்லாம் அந்த டப்பாவைப் பார்ப்பேன். தக்காளி வந்துவிட்டது, ஆள் வரவில்லை" என்றார்.

இதைத் தமிழில் சொல்லும்போது எனக்குச் சிரமம் எதுவும் இருக்கவில்லை. பேச்சியம்மாள் கேட்டுக்கொண்டு, பலகையிலிருந்து கையை எடுத்து, அவர் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். எஸ்தர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அங்கே வந்து என்ன செய்வீர்கள் என்று பேஷன்ஸ் கேட்டார். என் கை சும்மா இருக்காது, ஆட்களுக்குச் சோறு பொங்குவேன், வீட்டைச் சுற்றிக் கீரையாவது போடுவேன், பக்கத்து வீட்டுப் பெண்களோடு பழகிக்கொள்வேன் என்று பேச்சியம்மாள் சொன்னார். வெயில் எப்படி, மழை எப்படி, அரிசி கிடைக்குமா என்று அவரும் கேட்டார். எல்லாம் இருக்கிறது, அரிசி தாய்லாந்திலிருந்தும் இங்கிருந்தும் வருகிறது என்றார் பேஷன்ஸ். வீடு தன்னால் கொடுக்க முடியும், குடும்பத்தோடு தங்க அனுமதி மட்டும் தன் அரசிடம் கேட்டுத்தான் வாங்கவேண்டும், தொழிலாளிக்கு எளிது, துணைக்கு அலையவேண்டும் என்றார். பிறகு எழுந்து தலைக்கட்டைச் சரிசெய்துகொண்டு, "மரத்துக்கு அனுமதி வாங்கத் தெரிந்த எனக்கு ஒரு மனைவிக்கு வாங்கத் தெரியாதா" என்றார்.

சங்கரபாண்டி அப்போதுதான் வாயைத் திறந்தார். மலையில் சொன்ன வார்த்தையை என்ன செய்வது என்று மனைவியிடம் கேட்டார். "தனியாப் போகமாட்டேன்னுதான சொன்னீய. இது தனியா இல்லியே. முருகன்கிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றார் பேச்சியம்மாள். அண்ணாச்சி அப்படிச் சொல்லவில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். யாரும் திருத்தவில்லை.

எஸ்தர் அன்று மதியமே முடிவெடுத்தாள். மில்லில் இரண்டு வாள் இருக்கின்றன. ஒன்று அங்கே போகும். சங்கரபாண்டியும் விருப்பப்பட்ட இரண்டு பேரும் கூடப் போவார்கள். இன்னொன்று இங்கேயே. அங்கே அறுத்து வரும் பலகையை இங்கே கதவாக, ஜன்னலாகச் செய்து கேரளத்துக்கு அனுப்புவது. வரி கூடுதலாகத்தான் இருக்கும், அதைக் கதவின் விலையில் ஏற்றவேண்டும், ஏறுமா என்று தெரியாது என்றாள். கைகுலுக்கும்போது அவள் கண்ணில் தண்ணீர். அப்பா போட்ட வாள் அது.

இது எல்லாருக்கும் நல்லபடியாக முடிந்ததாக எழுதினால் பொய்யாகும். தடி இல்லாத மில்லில் தடி தூக்குகிறவர்களுக்கு வேலை இல்லை. நாலு பேர் அடுத்த மாதமே புனலூர்ப் பக்கம் பிளைவுட் ஆலைக்குப் போய்விட்டார்கள் என்று எஸ்தர் பின்னால் சொன்னாள். அவர்களில் ஒருவர் ஒடிசாக்காரர். அவருக்கு இது எத்தனையாவது ஊர் என்று யாரும் கேட்டதில்லை.

மாலை, தென்காசி ரயில் நிலையம்

வழியனுப்ப எஸ்தரோடு பேஷன்ஸும் பேச்சியம்மாளும் வந்திருந்தார்கள். பேஷன்ஸ் நடைமேடையில் அல்வாப் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். ரயில் வர நேரம் இருந்தது. பேச்சியம்மாள் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார். விமானத்திலிருந்து இறங்கியதும் ஒரு கண்ணாடிக்கூண்டில் ஆபீசர் உட்கார்ந்திருப்பார், அவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லவேண்டும் என்று சவுதி நாட்களில் கணவர் சொல்லியிருக்கிறாராம்.

"அவர் கேட்டா என்ன சொல்லணும்னு சொல்லிக்குடுங்கக்கா."

கணவரோடு வந்திருக்கிறேன் என்று சொன்னால் போதும் என்று சொல்லி, அதற்கான ஆங்கில வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தேன். அவர் அதைச் சொல்லிப் பார்த்தார். அர்த்தம் என்ன என்று மறுபடி கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார்.

"இது வேண்டாம். நாங்க ரெண்டுபேரும் வந்திருக்கோம்னு சொல்லணும். அதுக்கு எப்படி?"

"வீ ஹேவ் கம்" என்றேன்.

அவர் அதை ரயில் வரும்வரை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

சென்னை

மறுநாள் காலை என் அடுக்ககத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறி, கதவைத் திறப்பதற்கு முன்னால் அதைத் தொட்டுப் பார்த்தேன். வீடு வாங்கும்போது, கதவெல்லாம் வெளிநாட்டு மரம் என்று கட்டியவர் பெருமையாகச் சொன்னார். எந்த நாடு என்று நான் அப்போது கேட்கவில்லை. இந்த நகரத்தில் எல்லாமே எங்கிருந்தோ வருகின்றன. எங்கிருந்து என்று தெரியாமலே பயன்படுத்துகிறோம். தென்காசியில் அப்படி இல்லை. அங்கே முந்திரிக்கடைக்காரருக்குக் கொல்லம் தெரியும், பழக்கடைக்காரருக்குத் தாய்லாந்து தெரியும், தடியின் பச்சை அடையாளம் யாருடையது என்பது மில்லில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். அந்த ஊரை எனக்குப் பிடித்துப்போக அதுவும் ஒரு காரணம்.

அனுமதி வர நாட்கள் பிடித்தன. பேஷன்ஸ் சொன்னபடி அலைந்தார். வாள் தூத்துக்குடியில் கப்பல் ஏறியது. தை பிறந்த பிறகு சங்கரபாண்டியும் பேச்சியம்மாளும் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினார்கள். போய்ச் சேர்ந்த மறுநாள் பேச்சியம்மாள் எனக்குப் போன் செய்தார். வீடு நன்றாக இருக்கிறது, காற்றில் உப்பு வாசனை, பேஷண்ட் அம்மா கீரை விதை கொடுத்தார் என்று வரிசையாகச் சொன்னார். அந்தக் கூண்டில் என்ன நடந்தது என்று நான்தான் கேட்டேன். ஆபீசர் எதுவுமே கேட்கவில்லையாம். இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கி, முகத்தைக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்தித் தள்ளிவிட்டாராம். சங்கரபாண்டி கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். இவர் நகரவில்லை. பின்னால் வரிசை நிற்கிறது. கண்ணாடியின் ஓட்டைக்கு வாயைக் கொண்டுபோய் அந்த ஆங்கில வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தாராம்.

"அவர் கேக்கலங்கிறதுக்காக நான் சொல்லாம வர முடியுமாக்கா?" என்றார் பேச்சியம்மாள்.